மஞ்சள் பூசிய மீன்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது மூன்று, தங்கை விட்டுப் போனது இரண்டு, ஆக வளர்த்தது ஐந்து. ஐந்து பேரையும் உக்கடம் மார்க்கெட்டில் ஈரச்சாக்கின் மேல் உட்கார்ந்து, மீன் அரிந்துதான் ஆளாக்கினேன். மீன் வாடை அடிக்கிறது என்று டவுன் பஸ்ஸில் என் பக்கத்து இடத்தைவிட்டு எழுந்து போனவர்கள் நிறையப் பேர். போகட்டும். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

எழுத்து எனக்குப் பழகாத வேலை. பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துக் கூட்டிக் கற்றது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது. எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

போன வாரம் என் பேத்தி கல்லூரியிலிருந்து வந்து ஒரு சேதி சொன்னாள். அவர்கள் நூலகத்தில் நம் பக்கத்து ஆற்று மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று இருக்கிறதாம். உள்ளே கையால் வரைந்த வண்ணப் படங்களாம். வகுப்பெடுத்தவர் அதைத் தூக்கிக் காட்டி, "இத்தனை அழகா வரைஞ்சவங்க யாருன்னே தெரியல" என்றாராம்.

நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். "எனக்குத் தெரியும் கண்ணு" என்றேன்.

"அப்படீன்னா பேரச் சொல்லுங்க அம்மாயி."

பேரை மட்டும் சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். மற்றதெல்லாம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு நாள். விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும், மார்க்கெட்டில் நல்ல கூட்டம். ஐம்பத்தைந்து வயதுள்ள ஓர் அம்மா என் பலகைக்கு முன்னால் வந்து குந்தினார். நரைத்த கொண்டை, ஒல்லி உடம்பு, முழங்கைவரை சாயக்கறை. சாயப்பட்டறையில் வேலை செய்பவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு கெண்டையை எடுத்தார். செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை, விலை கேட்கவில்லை. தலை தன் இடப்பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தார். கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, மீனின் விலாவில் ஒவ்வொரு செதிலாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.

இருபதுவரை பொறுத்தேன்.

"ஏனுங்க்கா, மீன் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

அக்கம்பக்கத்துக் கடைக்காரிகள் சிரித்தார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை. "சித்த இரு அம்மணி, எண்ணிக்கை தப்பிப்போயிரும்" என்றார். முடித்துவிட்டு, "இதே மாதிரி இன்னும் நாலு வேணும். ஆனா உசுரோட வேணும்" என்றார்.

"குழம்புக்குச் செத்தது போதுமேங்க."

"குழம்பு வைக்கறதுக்கு இல்ல. வரையறதுக்கு."

அன்றிலிருந்து எங்கள் மார்க்கெட்டில் அவருக்குப் படக்காரம்மா என்று பேர் வந்தது. நான் அக்கா என்றே கூப்பிட்டேன். ஒரு கல்லூரிப் பேராசிரியர் பவானி ஆற்று மீன்களைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு வேண்டிய நாற்பத்தியொரு மீனையும் வரைந்து தர ஒப்புக்கொண்டவர் இந்த அக்கா. நான் பிறந்தது சத்தியமங்கலத்தில், ஆற்றங்கரையில். என் அண்ணன் அங்கே வலை போடுகிறவர். யாரும் வாங்காத பொடிமீன்கூட என்னால் கொண்டுவர முடியும். அதனால் வாரம் ஒரு முறை ஒரு குண்டாவில் ஆற்றுத்தண்ணீரும் மீனுமாக, அதன் வாயில் வாழை இலை கட்டி, அக்கா வீட்டுக்குப் போவேன்.

"மீனுக்கு டிக்கெட் எடுத்தாச்சுங்களா?" என்பார் கண்டக்டர்.

"அது மடியில உக்காந்து வருதுங்க, அரை டிக்கெட்கூடக் கிடையாது" என்பேன்.

அக்கா வீடு ஒற்றை அறை. தனிக்கட்டை. ஞாயிறு காலை கோயிலுக்குப் போவார், மற்ற நேரமெல்லாம் ஜன்னலடியில் மேசைதான். மீனைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, முதலில் நிறத்தை வரைவார். கை பறக்கும். மீன் செத்தால் ஐந்து நிமிடம்தான், நிறம் கழன்று போய்விடும். நான் அத்தனை வருடம் மீன் விற்றும் அதைக் கவனித்ததில்லை. நாங்கள் பார்ப்பதெல்லாம் நிறம் போன பிறகுதானே. அப்புறம் மீனை மெழுகுப் பலகையில் படுக்க வைத்து, துடுப்பை விரித்துக் குண்டூசி குத்தி, துடுப்பிலுள்ள முள்ளை எண்ணுவார். செதிலை எண்ணுவார். அணில் முடித் தூரிகையால் ஒவ்வொரு செதிலாக வைப்பார். ஒரு மீனுக்கு ஒன்பது நாள்.

ஒரு தடவை ஒரு கெளுத்திக்கு மீசை எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது. ஆமை எதுவோ கடித்திருக்கும். "ஒண்ணு சேத்தி வரைஞ்சுபோடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றேன். அக்கா தூரிகையைக் கீழே வைத்தார்.

"பார்த்தேனா, பார்த்தேன்னு நெனச்சுக்கிட்டேனா?"

அதுதான் அவர் வாயில் எந்நேரமும் இருக்கும் பேச்சு. பால்காரரிடம் கேட்பார், தபால்காரரிடம் கேட்பார், தன்னிடமே கேட்டுக்கொள்வார். மறுவாரம் நான் எட்டு மீசையுள்ள கெளுத்தி மூன்று கொண்டு போன பிறகுதான் அந்த எட்டாவது மீசையை வரைந்தார்.

படம் வரைந்துகொண்டே கதை சொல்வார். அந்தக் கதைகளுக்காகவே நான் மார்க்கெட்டில் கடையைச் சீக்கிரம் கட்டியதுண்டு. முன்காலத்தில் மேல்நாட்டில் ஒருத்தர் காண்டாமிருகத்தைக் கண்ணால் பார்க்காமல், யாரோ எழுதிய கடிதத்தைப் படித்தே அதை வரைந்துவிட்டாராம். உடம்பெல்லாம் இரும்புக் கவசம் மாட்டியதுபோல, முதுகில் இன்னொரு குட்டிக் கொம்பு வேறு. படம் அத்தனை அழகு. அதனால் அதற்குப் பிறகு வந்தவர்களும் அதைப் பார்த்தே வரைந்தார்களாம், தலைமுறை தலைமுறையாக.

"மிருகத்தப் பார்த்தவன் சொன்னாக்கூட நம்பல அம்மணி. படத்துல கொம்பு இருக்குதே, உன்ற காண்டாமிருகத்துக்குத்தான் ஏதோ கொறைன்னுட்டாங்க!"

அச்சடித்த படத்துக்கு நிறம் பூசுவதற்கென்றே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்களாம். ஒருத்தி சிவப்பு மட்டும், அடுத்தவள் நீலம் மட்டும். அந்தப் பிராணியை அவர்களில் ஒருத்தியும் பார்த்திருக்க மாட்டாள். நம் ஊர்ப் பக்கமும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்காக நம்மவர்களே பறவை, பாம்பு, மீன் எல்லாம் வரைந்திருக்கிறார்கள், ஒற்றை முடித் தூரிகையால் இறகின் இழையைக்கூட விடாமல். அதிகாரியின் பேர் இருக்கும், வரைந்தவர் பேர் இருக்காது. அப்படி ஒரு படத்தின் நகலை அக்கா சுவரில் ஒட்டி வைத்திருந்தார்.

மீன் எப்போதும் இடப்பக்கம் தலை வைத்தே புத்தகத்தில் இருக்கும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அதுதான் அந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கமாம். நான் எழுந்து என் அரிவாள்மணையில் மீன் பிடிக்கும் விதத்தைக் காட்டினேன். தலை என் இடக்கையில். "பாருங்க்கா, எங்க வழக்கமும் அதேதான்!" இருவரும் சின்னப் பிள்ளைகள்போல அதற்கு ஒரு சிரிப்பு சிரித்தோம்.

எனக்கு மிகவும் பிடித்தது கால் இல்லாத பறவையின் கதை. எங்கோ தூரத்துத் தீவில் வேடர்கள் ஓர் அழகான பறவையைப் பிடித்து, காலை வெட்டிவிட்டு, தோலை இறகோடு காய வைத்து விற்பார்களாம். கப்பலில் அந்தத் தோல் போய்ச் சேர்ந்தது. அங்கே வரைந்தவர்கள் கால் இல்லாமலே வரைந்தார்கள். படித்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, இந்தப் பறவை மண்ணில் இறங்காது, பனியைக் குடித்து ஆகாயத்திலேயே வாழும் என்று எழுதி வைத்தார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அறிவு வேண்டாமுங்களா? வெட்டுனவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லியிருப்பானே!"

அக்கா தூரிகையை அப்படியே நிறுத்திப் பிடித்தார். "அத யாருமே கேக்கல பாரு" என்றார். பிறகு, "உன்னைக் கேக்கறேன். வெட்டறவதானே நீ, உனக்கு என்ன தெரியும் சொல்லு" என்றார்.

என்னை அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். எங்கள் ஆற்றில் ஒரு பொடிக்கெண்டை உண்டு. ஆடிப் புதுத்தண்ணீர் வந்ததும் சிலதுக்கு மட்டும் விலாவில் செக்கச்செவேலென்று ஒரு கோடு விழும். என் அண்ணன் அதை மாப்பிள்ளைக் கெண்டை என்பார். பேராசிரியரோ சிவப்புக் கோடு போட்டது ஒரு சாதி, கோடில்லாதது வேறு சாதி என்று எழுதி வைத்திருந்தார்.

"ரெண்டும் புருசன் பொண்டாட்டிங்க. நான் எத்தன ஆயிரம் அரிஞ்சிருப்பேன்! கோடு போட்டதோட வயித்துல ஒரு நாளும் சினை இருந்ததில்ல."

"இருக்கும். ஆனா நான் பார்க்கல."

"நான் பார்த்தது போதாதுங்களா?"

"உன்ற கண்ணு உனக்கு. வரையற கை என்னது. ஆடி வரட்டும், கூட்டிட்டுப் போ. பார்த்துட்டு வரையறேன்."

இப்படிப்பட்டவர் அவர். இனிதான் நான் செய்த காரியம் வருகிறது.

ஒரு வருடம் போனது. அக்காவுக்கு ஜன்னல் கண்ணாடியின் மேல் கோபம் வந்தது. "ஊரெல்லாம் புழுதி, வெளிச்சமே உள்ள வரமாட்டீங்குது" என்று தினமும் ஈரத்துணியால் துடைப்பார். குண்டு பல்பை மாற்றினார். மேசையை ஜன்னலோடு ஒட்டிப் போட்டார். நான் ஒன்றும் நினைக்கவில்லை. ஆனால் புதிதாக வரைந்த படங்களைப் பார்க்கும்போது எனக்கு உள்ளே ஏதோ நெருடியது. வெள்ளி வெள்ளியாக இருக்க வேண்டிய வயிறெல்லாம் ஒரு மாதிரி பழுப்பு மஞ்சள். முதுகில் நீலம் மினுங்க வேண்டிய இடத்தில் கறுப்பு. எனக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும், காய்ந்தால் சரியாகிவிடும் போல என்று என்னை நானே அடக்கினேன்.

ஈஸ்டர் வந்தது. அக்கா காந்திபுரத்தில் புதுப்புடவை எடுத்து வந்து விரித்துக் காட்டினார்.

"எப்பிடி அம்மணி? பால் மாதிரி வெள்ளை. இத்தன வருசத்துல இப்பத்தான் மனசுக்குப் புடிச்ச வெள்ளை கெடச்சுது."

அது வெள்ளை இல்லை. நல்ல வெண்ணெய் மஞ்சள்.

திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. அவர் கண்ணில்தான் புரை விழுந்திருந்தது. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் இல்லாமலா? மார்க்கெட்டில் போலீஸ்காரரையே ஏசியவள் நான். ஆனால் அந்த மனுசிக்குச் சொத்து, சொந்தம், சாமி எல்லாம் அந்தப் பார்வை ஒன்றுதான். "ஒணத்தியா இருக்குதுங்க்கா, ரொம்ப நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பேராசிரியர் வருவதாக இருந்தது. அதுவரை முடிந்த படங்களில் மூன்றைப் புதுமீனோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால் எல்லாவற்றையும் அச்சுக்குக் கொண்டுபோய்விடுவார். அந்த மூன்று மீனை நான்தான் கொண்டுவர வேண்டும். மூன்றும் புதுப் படங்கள். மூன்றும் மஞ்சள் வயிறு.

அன்று காலை என் வீட்டில் குழம்புக்கு மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மஞ்சள்தூள் போட்டுப் பிசைந்த கை. அந்தக் கையையும் குண்டாவில் கிடந்த மீனின் வயிற்றையும் பார்த்தேன். அக்கா படத்தில் இருந்த அதே நிறம்! எனக்குள் ஒரு யோசனை ஓடியது. உயிர்மீன் வேண்டாம், அப்போதுதான் செத்த மீனாக மூன்றை எடுத்தேன். கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கரைத்து, மூன்றையும் கொஞ்ச நேரம் ஊற வைத்து, துணியால் ஒற்றி எடுத்தேன். படத்தில் இருந்து இறங்கி வந்ததுபோல ஆகிவிட்டன. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. ஒத்தாசையாகத்தான் தோன்றியது.

பேராசிரியர் வந்தார். நல்ல மனிதர், கறியும் மீனும் தொடாதவர், புத்தகத்தில் மட்டும் மீனைப் பிடிப்பவர். படத்தைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அற்புதமுங்க! அச்சு அசல்! பாருங்க, நான்கூட வயிறு வெள்ளைன்னு எழுதி வச்சிருந்தேன். மத்தவங்க எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்காங்க. இளமஞ்சள்னு மாத்திப்போடறேன்."

பையிலிருந்து தாளை எடுத்து, வெள்ளை என்பதை அடித்து, மேலே எழுதியும்விட்டார். படக்கட்டை நாடாவால் கட்ட ஆரம்பித்தார்.

"சித்த இருங்க சார்." அக்காவின் குரல் மாறியிருந்தது. "என்ன சொன்னீங்க? மஞ்சளா? நான் எங்க மஞ்சள் போட்டேன்? வெள்ளைதானே போட்டேன்?"

பேராசிரியர் விழித்தார். அக்கா மீனை எடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மூக்குக்குக் கொண்டுபோனார்.

மீன்காரிக்கு எதை மறைக்கத் தெரிந்தாலும் வாசத்தை மறைக்கத் தெரியாது.

"அம்மணி. இதுக்கு மஞ்சத்தூள் போட்டயா?"

"ஆமாங்க்கா."

"என்ற படத்துல வயிறு என்ன நெறம்?"

"மஞ்சளுங்க்கா."

"என்ற ஈஸ்டர் பொடவை?"

நான் அழுதுவிட்டேன். அக்கா ஜன்னலுக்குப் போய்க் கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "அப்ப இது சுத்தமாத்தான் இருந்திருக்குது" என்றார், தனக்குத்தானே. அவ்வளவுதான். பிறகு என் பக்கம் திரும்பினார் பாருங்கள், அந்தக் கோபத்தை நான் அதுவரை கண்டதில்லை.

"பறவைக்குக் காலை வெட்டுனவ நீதான்டீ! இவரு எழுதிப்போட்டாரு பார்த்தயா? நாளைக்கு இதப் பார்த்து இன்னொருத்தர் எழுதுவாரு, அதப் பார்த்து இன்னொருத்தர். அந்த மீனு வாயில்லாத சீவன், நான் மஞ்சள் இல்லைன்னு வந்து சொல்லுமா? உனக்குத் தெரியும். தெரிஞ்ச நீயே பூசிப்போட்டயே!"

பேராசிரியர் தணிக்கப் பார்த்தார். "நெறம் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாப் பரவால்லீங்க. அச்சகத்துல சொல்லியாச்சு..."

"சார், நீங்க பேசாதீங்க. அம்மணி, எல்லாப் படத்தையும் கீழ பரப்பு. எது சரி, எது தப்புன்னு பிரி. இப்பவாச்சும் உள்ளதச் சொல்லு."

தரை முழுக்கப் பரப்பினேன். முப்பத்தொன்பது படம். ஒவ்வொன்றாகப் பார்த்து ஒதுக்கினேன். கண் தடுமாறவில்லை. பதினொன்று தப்பு. பதினொரு படம் என்றால் தொண்ணூற்றொன்பது நாள் உழைப்பு. அக்கா அந்தப் பதினொன்றையும் வாங்கி, நான் மீன் கொண்டுவந்த குண்டாவில் தண்ணீரை ஊற்றி அதில் முக்கினார். முதலில் மஞ்சள்தான் பிரிந்து மேலே வந்தது.

பேராசிரியர் தாளை எடுத்து, தான் அடித்ததைத் திரும்ப அடித்து, வெள்ளை என்று எழுதினார். மற்ற படங்களை வைத்துவிட்டு, "ஆவணி வரைக்கும் பொறுக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா என்னோடு பேசவில்லை. நானும் விடவில்லை. மறுநாளே போய் நின்றேன். "திட்டறதுன்னாத் திட்டுங்க. ஆனா ஆசுபத்திரிக்கு வந்துட்டுத் திட்டுங்க" என்றேன். வைகாசியில் கண் அறுவை நடந்தது. வலது கண் முதலில். கட்டுப் பிரிக்கும் நாள் நான் எதிரே நின்றேன். டாக்டரம்மா பஞ்சை எடுத்தார். அக்கா இமையைத் திறந்தார். என்னையே பார்த்தார். என் பக்கம் முகத்தை நீட்டினார். எனக்குப் பயமாகிவிட்டது.

"ஏம்மணி," என்றார் மெதுவாக, "உன்ற மூக்குத்திக் கல்லு நீலமா?"

"ஆமாங்க்கா."

"நான் கறுப்புன்னு நெனச்சிட்டிருந்தேன்!" அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள். கதவு நீலம், டாக்டரம்மா புடவைக் கரை நீலம், ஜன்னலுக்கு வெளியே வானம் நீலம். "நீலம் அம்மணி, நீலம்! இத்தன நீலத்த எங்கடி ஒளிச்சு வச்சிருந்தீங்க அல்லாரும்?" வார்டே சிரித்தது. வீட்டுக்கு வந்து ஈஸ்டர் புடவையைப் பார்த்து, "இத எவ வெள்ளைன்னு எடுத்தது?" என்று தானே விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்தாரே தவிர, என்மேல் இருந்த நம்பிக்கை திரும்பவில்லை. அந்தப் பதினொரு மீனையும் திரும்ப வரைய ஆரம்பித்தார். நான் கொண்டுபோகும் ஒவ்வொரு மீனையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் விடுவார். எனக்கு அது செருப்பால் அடித்ததுபோல இருக்கும். அடுத்த மீனை எடுத்து நீட்டுவேன்.

ஆடி வந்தது. ஆற்றில் புதுத்தண்ணீர் என்று அண்ணன் ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினார். "போலாமுங்களா?" என்றேன். அக்கா அதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டார். காந்திபுரத்தில் முதல் பஸ், சத்தியமங்கலம் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ஆறு கலங்கிச் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. கரையோரம் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பலகையும் குடையுமாக இறங்கும் அக்காவைப் பார்த்து, "ஏனுங்க, மீனுக்குப் போட்டோ புடிக்கறீங்களா?" என்றார்கள்.

"கல்யாணப் போட்டோங்க" என்றேன் நான். "மாப்பிள்ளை வந்துட்டே இருக்குது."

அண்ணன் வலையை இழுத்துக் கரையில் இருந்த வெள்ளை எனாமல் தட்டில் கவிழ்த்தார். ஐயோ, அந்தச் சிவப்பு! விலாவில் குங்குமத்தைக் கரைத்து ஒரே இழுப்பாக இழுத்ததுபோல. அதன் மேல் விளிம்பில் ஊசி முனையளவுக்கு ஒரு நீலம். எனக்கே அந்த நீலம் புதிது. அத்தனை வருடம் அரிந்தும் நான் பார்த்ததில்லை.

அக்கா கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். "நீலம் இருக்குதுடீ! சிவப்புக்கு மேல நீலம்! நீ சொல்லவே இல்லையே!" தூரிகையை வாயில் கவ்வினார், கையில் பிடித்தார், நிறத்தைக் குழைத்தார். நான் குடை பிடித்தேன். ஒரு மீன் வெளுக்க ஆரம்பித்ததும், "அடுத்தது, அடுத்தது!" என்று கத்துவார். அண்ணன் புதிதாக ஒன்றைத் தட்டில் போடுவார், வெளுத்ததைத் தண்ணீரில் விட்டுவிடுவார். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். "அக்கட்டால நில்லுங்க, வெளிச்சத்த மறைக்காதீங்க!" என்று அவர்களையும் விரட்டினார்.

படத்தில் சிவப்பு விழுந்து, நீலமும் விழுந்த பிறகு, நான் ஒரு கோடு போட்ட மீனைக் கையில் எடுத்தேன்.

"அக்கா, இப்ப நான் வாயால ஒண்ணும் சொல்லல. பாருங்க."

வயிற்றை மெல்ல அமுக்கினேன். பால் மாதிரி ஒரு சொட்டு வந்தது. அதை விட்டுவிட்டுக் கோடில்லாத ஒன்றை எடுத்து அமுக்கினேன். கடுகுபோல முட்டைகள் என் விரல் மேல் உதிர்ந்தன. அக்கா குனிந்து பார்த்தார். என் விரலை முகர்ந்து பார்க்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். பிறகு என் ஈரக் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

"புருசன் பொண்டாட்டிதான்" என்றார். "வெட்டுனவளைக் கேட்டிருக்கோணும்."

பேராசிரியர் புத்தகத்தில் இரண்டு சாதி ஒன்றானது. நாற்பத்தியொன்று நாற்பதானது. ஆவணி முடிவில் படங்களைக் கட்டும்போது அக்கா என்னைக் கூப்பிட்டார். புதிதாக வரைந்த பதினொன்றையும் மாப்பிள்ளைக் கெண்டையையும் குப்புற வைத்திருந்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் 'நிறம் சரிபார்த்தது' என்று எழுதி, கீழே இடம் விட்டிருந்தார்.

"கைநாட்டு வைக்க மாட்டேனுங்க" என்றேன். "என்ற பேர எழுத எனக்குத் தெரியும்." ரேஷன் கார்டைப் பார்த்து நானே பழகியது.

"அப்ப எழுது. என்ற கண்ணு ஒரு தடவ பொய் சொல்லிப்போட்டுது. உன்ற கை ஒரு தடவ பொய் சொல்லிப்போட்டுது. ரெண்டும் சேந்து பார்த்ததுன்னா நம்பலாம்."

பன்னிரண்டு தடவை எழுதினேன். வியர்த்துவிட்டது. பிறகுதான் கவனித்தேன், முன்பக்கத்தில் அவர் பேர் எங்கேயும் இல்லை.

"உங்க பேரு எங்கீங்க?"

சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பழைய படத்தின் நகலைக் காட்டினார். "அவரு பேர எழுதாம உட்டுட்டாங்க, நான் எழுதாம உடறேன். பேரு இருந்தா அதத்தான் படிப்பாங்க. இல்லைன்னா மீனப் பார்ப்பாங்க. நாளைக்கு எவனாச்சும் உன்னைக் கேட்டா, பேரச் சொல்லாத. எப்பிடிப் பார்த்தேன்னு மட்டும் சொல்லு. அதுலயும் கூட்டிச் சொல்லாத."

அக்கா போய் வெகு வருடமாகிறது. புத்தகத்தில் படத்தின் முன்பக்கம்தான் அச்சாகியிருக்கிறது. பின்பக்கம் எங்கே இருக்கிறதோ, அங்கே என் பேர் பன்னிரண்டு தடவை இருக்கிறது. கல்லூரியில் தெரியவில்லை என்று சொன்னவரிடம், தெரிந்தவள் ஒருத்தி உக்கடத்தில் இருக்கிறாள் என்று என் பேத்தி சொல்லட்டும்.

எழுதியாகிவிட்டது. வா கண்ணு, வந்து இப்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து படி. மெதுவாகப் படி. எங்காவது நான் மஞ்சள் பூசியிருப்பதுபோலத் தெரிந்தால் அங்கேயே நிறுத்து. குண்டாவில் தண்ணீர் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.